கரையை எடுக்கச் சொன்னார்

எங்கள் குடும்பத்தில் அவருக்கு சேர்மன் என்று பெயர். என் வீட்டுக்காரரின் அண்ணன். நாலே பேர் வேலை பார்த்த ஓர் ஆபீஸுக்குத் தலைமை வகித்து ஓய்வு பெற்றவர். விடைபெற்ற அன்று அந்த நாலு பேரும் கண்கலங்கினார்கள் என்று இன்றைக்கும் சொல்வார். சந்தோஷத்திலும் கண் கலங்கும் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஓய்வுக்குப் பிறகு உத்தரவு போட ஆள் இல்லாமல் கை நமநமத்ததோ என்னவோ, போனில் குடும்பக் குழு ஒன்றை ஆரம்பித்தார். அதற்குத் தலைவர் அவர். செயலாளரும் அவர். கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவது மட்டும் எங்கள் வேலை.

அப்படி இருக்கையில் எங்கள் பகுதி நூலகத்தில் பழைய வீட்டுப் பொருள்களுக்குக் கண்காட்சி வைக்கப் போவதாக அறிவித்தார்கள். நல்லதாகத் தேர்வாகிறவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிரந்தரமாக வைப்பார்களாம், பக்கத்தில் அட்டை எழுதி. எதிர் வீட்டு டாக்டர் பழைய இசைத்தட்டுப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டார். அது போதாதா? சேர்மனுக்கு வயிறு பற்றிக்கொண்டது. தன் வீட்டில் தேடினார். அங்கே இருந்ததிலேயே பழைய பொருள் அவர்தான். அதனால் எங்கள் வீட்டுக்கு வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கினார்.

டின்னுக்குள் பொம்மைச் சட்டைகள். எல்லாம் வெள்ளைத் துணியில் கையால் தைத்தவை. உள்ளங்கை அகலத்தில் பாவாடைகள், விரல் மட்டும் நுழையக்கூடிய கை வைத்த ரவிக்கைகள், குல்லாய், சேர்மனின் பள்ளிக்கூட நிக்கரை வெட்டித் தைத்த ஒரு கோட்டு. ஒவ்வொன்றின் விளிம்பிலும் சிவப்பும் நீலமுமாகக் கரை. ஒரு கரை போல இன்னொரு கரை இருக்காது. ஒன்றில் இலை ஓடும், ஒன்றில் எறும்பு ஊரும், ஒன்றில் அலை அலையாக ஏதோ போகும். பொம்மை இப்போது இல்லை. அதன் தலையைக் கழற்றி சேர்மன் சின்ன வயதில் பந்தாடியதோடு அது போய்ச் சேர்ந்தது.

தைத்தது என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் அக்கா, சேர்மனின் தங்கை. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி, தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, எங்களோடு இருக்கிறார். பேச்சு எப்போதும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. என் வீட்டுக்காரர் கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டிலாட்ட ஆள் வேண்டும் என்று அண்ணியைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வருஷம் நிறுத்தி வைத்தார்களாம். காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு கையால் தைத்தவைதான் அத்தனையும். அந்த வருஷத்துக்கு அவரிடம் மிச்சமிருப்பது அந்த டின் மட்டும்தான்.

சேர்மன் சட்டைகளை மேஜையில் பரப்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அட்டையில் என்ன எழுதுவது என்று முன்பே முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறார்.

"அமரர் எங்கள் தாயார் தம் திருக்கரங்களால் தைத்த பொம்மை ஆடைகள். எப்படி?"

அண்ணி வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார். "யாரு தச்சது?"

"அம்மா."

"எந்த அம்மா?"

"நம்ம அம்மாதான். வேற எந்த அம்மா?"

என் மாமியாரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது, போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் ஊசி என்றால் அவருக்கு டாக்டர் போடுவது மட்டும்தான் தெரியும். அறுந்த பட்டனைக்கூட அடுத்த வீட்டில் கொடுத்துத்தான் தைத்துக்கொள்வார்.

"அண்ணே, தச்சது நான்," என்றார் அண்ணி. "மகள் தச்சதுன்னு எழுது. அது ஒண்ணுதான் நான் கேக்கறது. வேற எதுவும் வேண்டாம்."

"நீ தச்சதுதான், யாரு இல்லேங்கறா? ஆனா நீ உயிரோட இருக்கியே. உயிரோட இருக்கறவங்க தச்சா அது வெறும் துணி. காலமானவங்க தச்சாதான் அது கலை. இது உனக்குப் புரியாது."

"புரியுது. அதுக்காக நான் இப்ப என்ன செய்யணுங்கற?"

"நமக்குள்ள என்னம்மா நீ, நான்? குடும்பத்துக்குப் பேரு."

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். எங்கள் வீட்டில் இருக்கிற யானை வெங்காயம்தான் உரிக்க வேண்டும். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கழுவுற மீனில் நழுவுற மீன். "ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்று சொல்லிவிட்டு, இல்லாத ஒரு வேலையாக வெளியே போனார்.

"சனிக்கிழமை திறப்பு விழா. அதுக்குள்ள தொவச்சு, நாத்தமெல்லாம் போக்கி, பளிச்சுன்னு குடுங்க," என்று சேர்மன் உத்தரவிட்டார். தைக்கத்தான் உயிரோடிருப்பவர்கள் கூடாது. துவைக்கலாம் போலிருக்கிறது.

துவைத்தோம். அது சாதாரண வேலை இல்லை என்பதைத் துவைத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதலில் சாயம் போகுமா என்று பார்க்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியைச் சிவப்பு நூல் மேல் வைத்து அழுத்தி எடுத்தால் லேசாக ரோஸ் ஒட்டியது. சிவப்பு இறங்கி வெள்ளையில் பரவினால் எல்லாம் பாழ். அதனால் குளிர்ந்த தண்ணீர், குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூவில் ஒரு சொட்டு, கசக்காமல் பிழியாமல் சும்மா அமுக்கி அமுக்கி எடுப்பது. அலசும்போது குட்டி ரவிக்கை ஒன்று தொட்டியின் தண்ணீர் போகும் ஓட்டை வழியாக ஓடப் பார்த்தது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் டீ வடிகட்டியில் போட்டே அலசினோம். பிழிய முடியாததால் துண்டுக்குள் வைத்துச் சுருட்டி ஈரத்தை எடுத்தோம். பிரஸ் பட்டன் துருப்பிடித்த இடத்தில் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து வெயில் காட்டினோம். பூஞ்சை வாடையும் அந்துருண்டை வாடையும் சேர்ந்து ஒரு நெடி இருந்தது. அதற்கு ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவை வைத்து, காய்ந்த துணிகளோடு பெட்டிக்குள் மூடி வைத்தோம்.

நிழலில் கொடி கட்டிக் காயப்போட்டதுதான் வம்பாகப் போயிற்று. பக்கத்து வீட்டம்மா மதில் மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"சொல்லவே இல்லையே. எந்த மாசம்?"

எனக்கு வயது நாற்பத்தைந்து. "பொம்மைக்குங்க," என்றேன்.

"நல்ல பேருதான். பொண்ணுன்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

விளக்கிச் சொல்வதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரவி, என் வீட்டுக்காரருக்கு டீக்கடையில் கை குலுக்கினார்கள். அந்த மனிதர் அதற்கும் மறுப்புச் சொல்லாமல் சிரித்துவிட்டு வந்திருக்கிறார். அவரை என்ன செய்வது?

இஸ்திரி போடுவதும் ஒரு கலைதான். கரையை அமுக்கிவிடக் கூடாது என்று தடித்த துண்டை விரித்து, துணியைக் குப்புறப் போட்டு, மேலே மெல்லிய துணி வைத்து, பெட்டியின் முனையால் ஒற்றினார் அண்ணி. ரவிக்கைக் கைக்குள் மரக்கரண்டிக் காம்பை விட்டு நிமிர்த்தினார். எல்லாம் முடிந்தபோது சட்டைகள் புதிதாகப் பிறந்த மாதிரி இருந்தன. சிவப்பு ஒரு இழைகூட இறங்கவில்லை. ஒரே ஒரு பாவாடையில் மட்டும் துரு, கடுகளவு தெரிந்தது. என் வீட்டுக்காரர் சும்மா இருக்காமல் அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். சேர்மனிடமிருந்து உடனே உத்தரவு வந்தது.

'கரையை எடுக்கவும். எல்லாத் துணியிலும் கரை முழுவதுமாக எடுக்கப்பட வேண்டும். அம்மாவின் பெயருக்கு ஒரு கரை கூட இருக்கக் கூடாது.'

சேர்மனுக்குத் தமிழ் என்றால் உயிர். பிறர் பேசுவதைத் திருத்துவார், கடைப் பலகைகளைத் திருத்துவார், ஒருமுறை கல்யாணப் பத்திரிகையைத் திருத்தி மாப்பிள்ளை வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். ஆனால் சின்ன ரவும் பெரிய றவும் அவருக்கு ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். எது எது என்று இந்த வயது வரை தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். "கரைய எடுக்கச் சொல்றான்," என்றார்.

"அந்தத் துருவைத்தான் சொல்றார் அண்ணி. கறை, அழுக்கு."

"போட்டிருக்கறது என்ன ர?"

"சின்ன ர."

"சின்ன ர போட்டா என்ன கரை?"

"துணிக்கரை. விளிம்புல இருக்குற கரை."

"அப்புறம் என்ன? தமிழ்ல அவன மிஞ்ச நமக்கு யோக்கியதை இருக்கா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகத் தெரியவில்லை. இருந்தாலும் அண்ணி நியாயஸ்தி. குழுவிலேயே எல்லோரும் பார்க்கும்படி கேட்டார்: 'அண்ணே, கரையை எடுத்துவிட்டால் துணியில் ஒன்றும் இருக்காது. பரவாயில்லையா?'

'அதற்காகத்தானே சொல்கிறேன். ஒன்றும் இருக்கக் கூடாது. ஒரு தடவை சொன்னால் புரியாதா?'

சுற்றிலும் சொந்தக்காரர்களின் கட்டை விரல்கள் வரிசையாக முளைத்தன. என் வீட்டுக்காரருடைய விரலும் அதில் இருந்தது.

அண்ணி ஊசியையும் பிளேடையும் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். இலை, எறும்பு, அலை என்று ஒவ்வொன்றாகப் பிரித்தார். எனக்கு நடப்பது புரிந்தது, புரிந்ததால்தான் வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சிவப்பு இறங்கிவிடக் கூடாதென்று அத்தனை பாடுபட்டோமே என்று எனக்கு அழுகை வந்தது. "வேண்டாம் அண்ணி, போதும்," என்றேன்.

"போட்டவளுக்கு எடுக்க உரிமை இல்லியா?" என்றார் அவர். வலிக்காமல் இருக்குமா? பத்து வயதில் போட்டது. ஆனால் கை நிற்கவில்லை.

சனிக்கிழமை காலை சேர்மன் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று துண்டுத் துணிகள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட வைத்திருக்கும் துணி மாதிரி இருந்தது. பாவாடையைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"கரை எங்க?"

"எடுத்தாச்சு."

"எதுக்கு எடுத்தே?"

"நீதானே எடுக்கச் சொன்னே?"

"நான் எடுக்கச் சொன்னது கரைய."

"கரையத்தான் எடுத்தேன்."

"அந்தக் கரை இல்ல, கரை. கரை."

"ஆமா, கரை."

இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. எத்தனை அழுத்திச் சொன்னாலும் அவர் வாயில் இரண்டும் ஒன்றாகவே வந்தன. கடைசியில், அவர் கைப்பட அனுப்பிய உத்தரவைப் போனில் எடுத்து அண்ணி நீட்டினார். சேர்மன் படித்தார். தப்பு எங்கே என்று அவருக்கு அப்போதும் பிடிபடவில்லை. "சரியாத்தானே போட்டிருக்கேன்," என்று முணுமுணுத்தார். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குதிரையும் அவர்தான், விழுந்தவரும் அவர்தான்.

தலைமை விருந்தினராகப் பெரிய அதிகாரி அம்மா ஒருவர் வருகிறார், படம் எடுக்க ஆள் வருகிறார், அட்டை அச்சாகி நூலக மேஜைக்கே போய்விட்டது. சேர்மனின் குரல் இறங்கியது. என்னைப் பார்த்து, "நீ போட்டுடேம்மா," என்றார்.

"எனக்கு மாமியார் மாதிரிதான் மாமா, ஊசி ஆகாது," என்றேன்.

வேறு வழியில்லாமல் தங்கையிடம் திரும்பினார். "முன்னால வைக்கிற பாவாடை ஒண்ணுக்காவது போட்டுக் குடு. மத்தத மடிச்சு வச்சுச் சமாளிச்சுக்கறேன்."

"போடறேன். ஆனா இங்க வெளிச்சம் பத்தாது. அங்க வந்து போடறேன்," என்றார் அண்ணி.

நூலகத்தில் எங்கள் மேஜை வாசலுக்குப் பக்கத்தில். அமரர் தாயாரின் அட்டை கொட்டை எழுத்தில் நின்றது. அதற்கு அடியில் அண்ணி நாற்காலி போட்டு உட்கார்ந்து, நூலைக் கோத்து, கரை போட ஆரம்பித்தார். மாதிரி எதுவும் பக்கத்தில் இல்லை. விரல்கள் தாமாகப் போயின. இசைத்தட்டுப் பெட்டியைப் பார்க்க வந்தவர்கள்கூட இந்தப் பக்கம் நகர்ந்து வந்து நின்றார்கள். சேர்மன், "அம்மா நாள் கணக்கா உக்காந்து தைப்பாங்க. நாங்க பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்போம்," என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஒருமுறை கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைத்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் செய்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

பாவாடையில் இலை பாதி வட்டம் வந்திருந்தபோது அதிகாரி அம்மா வந்தார். அட்டையைப் படித்தார், குனிந்து தையலைப் பார்த்தார். நல்ல மாதிரியான பெண்தான்.

"எவ்வளவு அழகா இருக்கு. உங்க அம்மாகிட்ட கத்துக்கிட்டீங்களா?" என்று அண்ணியைக் கேட்டார்.

"இல்லைங்க. எங்கம்மாவுக்குத் தைக்கத் தெரியாது. இதெல்லாம் சின்ன வயசுல நான் தச்சது," என்றார் அண்ணி, நிமிராமல்.

அதிகாரி அம்மா அட்டையைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். படமெடுக்க வந்தவர் கேமராவைத் தாழ்த்தினார். சேர்மன் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"வயசாயிடுச்சு பாருங்க," என்றார். "கொஞ்ச நாளா ஞாபக மறதி. அம்மா செஞ்சதெல்லாம் தானே செஞ்சதா நெனச்சுக்குது. நாங்களும் எதிர்த்துப் பேசறதில்ல. பாவம்."

அதிகாரி அம்மா முகம் இளகியது. அண்ணியின் தோளைத் தட்டி, "உடம்பப் பாத்துக்கோங்கம்மா," என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அண்ணியை ஒரு பார்வை பார்த்தார்கள். தபால் ஆபீஸில் ஒரு கடிதம்கூடத் தவறிப் போகாமல் காலம் தள்ளிய மனுஷியை, நடு மண்டபத்தில், புத்தி தடுமாறியவள் ஆக்கிவிட்டார் கூடப் பிறந்தவர். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

அண்ணி என் கையைத் தொட்டு நிறுத்தினார். ஊசியைத் துணியில் குத்தி, பாவாடையை மேஜையில் வைத்தார்.

"அண்ணன் சொல்றது சரிதாங்க, எனக்கு ஞாபக மறதிதான்," என்றார் அதிகாரி அம்மாவிடம், மிக மரியாதையாக. "பாருங்க, பாதிக்கு மேல எப்படிப் போடறதுன்னு மறந்தே போச்சு."

பிறகு சேர்மன் பக்கம் திரும்பினார்.

"அம்மாவ வரச் சொல்லு. வந்து முடிச்சுக் குடுக்கட்டும்."

பாதிக் கரையோடு பாவாடை மேஜையில் கிடந்தது. படமெடுப்பவர், "சார், எடுக்கலாமா வேண்டாமா?" என்று கேட்டார். சேர்மனுக்கு வேர்த்துக் கொட்டியது. கூட்டத்தில் தம்பியைத் தேடிப் பிடித்து, "நீயாவது சொல்லேன்டா," என்றார்.

எங்கள் நழுவுற மீன் தரையைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது, கடைசியில் அக்காவைப் பார்த்தது.

"எனக்கும் ஞாபக மறதிண்ணே," என்றார் என் வீட்டுக்காரர்.

அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆசை வந்ததில்லை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி அம்மா புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அவசரமே இல்ல சார், ஞாபகம் வர்ற வரைக்கும் இருக்கேன்," என்றார்.

சேர்மன் அட்டையை எடுத்தார். பின்பக்கம் திருப்பினார். சட்டைப் பையிலிருந்த பேனா எழுதவில்லை. நான் என்னுடையதைக் கொடுத்தேன்.

"என்னன்னு எழுதறது?" என்றார், எங்களுக்கு மட்டும் கேட்கும்படி.

"நடந்தத எழுது," என்றார் அண்ணி.

அவர் எழுதினார். எழுதி முடித்து, பேனாவை மூடாமலே என்னிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனார். அண்ணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அட்டையைத் தூரத்தில் பிடித்து எழுத்து எழுத்தாகப் படித்தார். 'இவற்றைத் தைத்தவர் எங்கள் தங்கை.' ஒருமுறை படித்தது போதாமல் இன்னொரு முறையும் படித்தார். கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டார்.

"ஆங், இப்ப ஞாபகம் வந்துடுச்சு," என்று ஊசியைக் கையில் எடுத்தார்.